"பரவாயில்லை" என்பதற்கு எத்தனை புள்ளி?

துணியை முழம் போட்டு அளந்தனர் நம் முன்னோர். அரிசியைக் கொத்தால் அளந்தனர். எண்ணெயைப் போத்தலால் அளந்தனர். இன்று மீற்றரும் கிலோவும் லீற்றரும் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அளவைகள் மாறினாலும் முறை மாறவில்லை. விற்பவர் வாங்குபவரின் கண்முன்னே அளந்து காட்டுகிறார். குறைவாயிருந்தால் வாங்குபவர் கேட்கிறார். ஆயின், கையில் எடுத்துப் பார்க்க முடியாத ஒன்றை நாம் பெறும்பொழுது அதனை எவ்வாறு அளப்பது? பஸ்ஸிலே பிரயாணம் செய்கிறோம். வங்கியிலே பணம் இடுகிறோம். வைத்தியசாலையிலே சிகிச்சை பெறுகிறோம். கந்தோரிலே ஒரு பத்திரத்துக்கு விண்ணப்பம் கொடுக்கிறோம். இவையெல்லாம் சேவைகள். பெறுகின்ற பொழுதே கழிந்துபோகும் இயல்புடையவை. தராசிலே வைத்து நிறுப்பதற்கு அங்கே பொருள் எதுவும் இல்லை. எஞ்சி நிற்பது பெற்றவருடைய உள்ளத்தில் உண்டாகும் நிறைவு அல்லது குறைவு.

அந்த நிறைவை எண்ணால் அளந்து காட்ட முடியும் என்பது மேனாட்டு அறிஞர் பலரது கொள்கை. இன்று வங்கிகளும் விடுதிகளும் தொலைபேசிக் கம்பெனிகளும், "எங்கள் சேவை எவ்வாறு இருந்தது?" என்று கேட்டு நம்மைப் புள்ளியிடச் சொல்கின்றன. பல்கலைக்கழக மாணவர்களும் சேவையின் தரத்துக்கும் வாடிக்கையாளரின் திருப்திக்கும் உள்ள தொடர்பைத் தங்கள் ஆய்வுக்குரிய பொருளாக விரும்பி எடுத்துக்கொள்கின்றனர். வினாக்கொத்துக்களைத் தயாரித்துக்கொண்டு, அவற்றைத் திருத்தித் தருமாறு ஆசிரியர்களாகிய நம்மிடம் வருவோரும் உளர். இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால் அளவுகோலைக் கையாளத் தெரியாதவர் கையிலே அது அகப்பட்டால், குறையுள்ள சேவைக்கு நற்சான்று வழங்கும் கருவியாக அது மாறிவிடும். எங்ஙனம் என்பதைக் கண்டி மாநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து இங்கு காண்போம்.

ஒரு நகரம், இருவகை மாந்தர்

கண்டி 1815 ஆம் ஆண்டு வரை மன்னரின் இராசதானியாக விளங்கிய நகரம். தலதா மாளிகையையும் அதன் எதிரே விரிந்து கிடக்கும் வாவியையும் காண்பதற்கு உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். 1988 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இங்கே வரும் வெளிநாட்டுப் பிரயாணி ஒருவர் விடுதியிலே வெந்நீர் கிடைக்கவில்லையென்றால், அன்றிரவே அதனை எழுதி உலகறியச் செய்துவிடுகிறார். மறுநாட் காலையிலே விடுதி முகாமையாளர் அதற்கு மறுமொழி எழுதி மன்னிப்புக் கேட்கிறார். பிரயாணியின் திருப்தி அளக்கப்படுகிறது. அந்த அளவுக்கு மதிப்பும் இருக்கிறது.

இதே நகருக்கு வேறு வழிகளால் வந்து சேருகின்ற மக்களும் உண்டு. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, பன்விலை, மடுல்கலை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து அவர்கள் இறங்கி வருகிறார்கள். 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டிலேதான். அக்காலம் முதல் இம்மலைகளிலே கொழுந்து பறித்து வருவோரின் வழித்தோன்றல்கள், பிறப்புச் சான்றிதழுக்காகவும், வைத்தியசாலைக் கிளினிக்குக்காகவும், சேமலாப நிதிக்காகவும் நகருக்கு வருகிறார்கள். ஒரு நாள் வேலையை விட்டு வந்தால் ஒரு நாட் பேர் போய்விடும். அன்று காரியம் முடியாவிட்டால் மறுபடியும் ஒரு பேர் போகும். இவ்வாறு வந்த ஓர் அம்மையாரை மாலையிலே வழிமறித்து, "அம்மா, உங்கள் காரியம் எப்படி முடிந்தது? திருப்திதானா?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒரே சொல்தான்: "பரவாயில்லைங்க."

இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை புள்ளி இடுவது? சேவையை அளக்கப் புகும் ஒவ்வொருவரும் விடை காணவேண்டிய வினா இது.

அளவுகோல் பிறந்த கதை

1985 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று பேராசிரியர்கள் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். அவர்கள் ஏ. பரசுராமன், வலேரி ஸைத்தாமல், லெனர்ட் பெரி என்போர். இவர்களுள் பரசுராமன் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்திலே பொறியியல் பயின்றவர் என்பது தமிழ் மாணவர்கள் அறியத்தக்கது. வங்கி, கடனட்டை, பங்கு முகவர் நிலையம், பொருள்களைப் பழுதுபார்த்தல் என்னும் நால்வகைச் சேவைகளை அவர்கள் ஆராய்ந்தனர். முகாமையாளர்களையும் வாடிக்கையாளர்களையும் தனித்தனியே வைத்துப் பேசிப் பார்த்தனர். வாடிக்கையாளர் எதை விரும்புகிறார் என்று முகாமையாளர் எண்ணியிருந்தாரோ, அதற்கும் வாடிக்கையாளர் உண்மையில் விரும்பியதற்கும் இடையிலே பெரும் இடைவெளி இருப்பதை அவர்கள் கண்டனர்.

மூன்று ஆண்டுகளின் பின், 1988 இல், அந்த இடைவெளியை அளக்கும் கருவி ஒன்றை அவர்கள் வெளியிட்டனர். "சேர்வ்குவால்" என்பது அதன் பெயர். முதலில் 97 வினாக்களாக இருந்ததைப் பலமுறை சலித்தெடுத்து 22 ஆகக் குறைத்தனர். ஒவ்வொரு வினாவும் இருமுறை கேட்கப்படும். இத்தகைய சேவை எப்படி இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பது ஒன்று. நீங்கள் பெற்ற சேவை எப்படி இருந்தது என்பது மற்றொன்று. 1 முதல் 7 வரை புள்ளியிடல் வேண்டும். பெற்றதிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவதே சேவையின் தரம்.

அந்த 22 வினாக்களும் ஐந்து கூறுகளுள் அடங்கும். சொன்னதைச் சொன்னபடி பிழையின்றிச் செய்து முடிக்கும் நம்பகம் முதலாவது. காலந்தாழ்த்தாது உதவ முன்வரும் சுறுசுறுப்பு இரண்டாவது. அறிவாலும் பண்பாலும் வாடிக்கையாளருக்கு உறுதி ஊட்டுவது மூன்றாவது. வந்தவரைத் தனி மனிதராகக் கருதும் பரிவு நான்காவது. கட்டிடம், தளபாடம், உடை முதலிய கண்ணுக்குத் தெரிவன ஐந்தாவது. இவ்வைந்துக்கும் 100 புள்ளிகளைப் பங்கிடுமாறு அமெரிக்க வாடிக்கையாளரிடம் கேட்டபோது, நம்பகத்துக்கு 32, சுறுசுறுப்புக்கு 22, உறுதிக்கு 19, பரிவுக்கு 16, கண்ணுக்குத் தெரிவனவற்றுக்கு 11 எனப் பங்கிட்டனர். இவ்விவரம் 1990 இல் அம்மூவரும் வெளியிட்ட நூலில் உள்ளது.

அமெரிக்கரின் மனநிலையே நமது மனநிலை என்று கொள்ளலாகாது. எனினும் இந்தக் கணக்கிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் சேவையைச் சீர்திருத்தப் புறப்படும்போது முதலிற் செய்வது யாது? சுவருக்கு வர்ணம் பூசுகிறது. புதிய நாற்காலிகளைப் போடுகிறது. இலக்கம் கொடுக்கும் இயந்திரம் ஒன்றை வாயிலில் வைக்கிறது. இவை வேண்டாதவை அல்ல. இருந்தும் 100 இல் 11 புள்ளி பெற்ற கூற்றுக்கே பணம் முழுவதும் செலவாகிறது. 32 புள்ளி பெற்ற கூறோ காசு கொடுத்து வாங்க இயலாதது.

கணக்கிலே ஒரு பள்ளம்

தரம் வேறு, திருப்தி வேறு. சேவை எத்தகையது என்னும் மதிப்பீடு தரம். அதனைப் பெற்றவரின் உள்ளத்தில் எழும் உணர்ச்சி திருப்தி. ரிச்சர்ட் ஒலிவர் என்னும் அறிஞர் 1980 இல் கூறியபடி, எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் மனம் ஒப்பிட்டுப் பார்க்கும்போது திருப்தியோ அதிருப்தியோ பிறக்கிறது. எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் கிடைத்தால் மகிழ்கிறோம், குறைந்தால் வருந்துகிறோம். இது நம் அனுபவத்துக்கும் ஒத்ததே. மழைக்காலத்திலே பஸ் வராது என்று எண்ணிக்கொண்டு நிற்பவனுக்கு, ஒரு மணி நேரம் தாமதித்து வரும் பஸ்ஸும் வரப்பிரசாதமே.

இங்கேதான் பள்ளம் இருக்கிறது. ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு கந்தோருக்கு இருவர் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் நகரவாசி, படித்தவர், மும்மொழியும் அறிந்தவர். அவரது எதிர்பார்ப்பு 7 புள்ளி. இலிகிதர் அவரை இருக்கச் சொல்லி அரைமணி நேரத்தில் காரியத்தை முடித்துக் கொடுக்கிறார். தாமதம் என்று கருதி அவர் 5 புள்ளி இடுகிறார். 5 இலிருந்து 7 ஐக் கழித்தால் மிஞ்சுவது 2 குறைவு. இரண்டாமவர் தோட்டத்திலிருந்து வந்தவர். முன்பு இருமுறை வந்து வெறுங்கையோடு திரும்பியவர். அவரது எதிர்பார்ப்பு 2 புள்ளிதான். அவர் நண்பகல் வரை நின்றபடியே காத்திருக்கிறார். தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட படிவத்தை வாயிலில் இருப்பவருக்குக் கூலி கொடுத்து நிரப்புவித்துக்கொள்கிறார். இறுதியில் காரியம் முடிகிறது. "இந்தத் தடவையாவது முடிந்ததே" என்னும் ஆறுதலில் 3 புள்ளி இடுகிறார். 3 இலிருந்து 2 ஐக் கழித்தால் 1 மிகுதி.

கணக்கின்படி பார்த்தால், அரைமணியில் காரியம் முடிந்தவருக்குக் கிடைத்தது குறைந்த சேவை. அரைநாள் நின்றவருக்குக் கிடைத்தது நிறைந்த சேவை! கழித்தலிலே பிழையில்லை. ஆயினும் முடிவு நியாயத்துக்கு ஒவ்வாதது. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டவர் தம் எதிர்பார்ப்பைத் தாமே குறைத்துக்கொள்கிறார். குறைத்துக்கொள்ளாவிட்டால் நாள்தோறும் மனம் புழுங்க வேண்டியிருக்குமன்றோ? அவ்வாறு குறைத்துக்கொண்டவரின் திருப்தியைக் கொண்டு சேவையை மதிப்பிட்டால், முன்பு செய்த புறக்கணிப்பே பின்பு நற்சான்றாக உருவெடுத்து வந்து நிற்கும்.

குரோனின், டெய்லர் என்னும் இருவர் 1992 இல் இம்முறையை வேறொரு கோணத்திலே மறுத்தனர். எதிர்பார்ப்பைக் கேட்டுக் கழிக்க வேண்டாம். கிடைத்த சேவையை மட்டும் கேட்டால் போதும் என்பது அவர்களது வாதம். வங்கி, சலவைக்கடை முதலிய நால்வகைச் சேவைகளை ஆராய்ந்த அவர்கள், தரம் உயர்ந்தால் திருப்தி உயர்கிறது என்னும் தொடர்பையும் எடுத்துக்காட்டினர். கழித்தலை நீக்கிய அளவில் இது நல்ல திருத்தமே. ஆனால் அவர்கள் முறையிலும் புள்ளியிடுபவர் அதே மனிதர்தான். வாழ்நாளில் 3 ஐத் தாண்டிய சேவையைக் கண்டறியாதவர் 7 என்பது எது என்று எவ்வாறு அறிவார்?

ஒரு சொல்லின் பல பொருள்

இனிப் "பரவாயில்லை"யை எடுத்துக்கொள்வோம். நோய் எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்கிறோம்; குணமாகி வருகிறது என்பது பொருள். காலை மிதித்தவர் வருந்தினால் பரவாயில்லை என்கிறோம். பொறுத்துக்கொண்டோம் என்பது பொருள். பரீட்சைப் பெறுபேறு பரவாயில்லை என்றால் எண்ணியதைவிட நன்று என்பது பொருள். விருந்து பரவாயில்லை என்று ஒருவர் இழுத்துச் சொன்னால் சுவைக்கவில்லை என்பது பொருள். சொல்பவரின் குரலையும் முகத்தையும் நோக்காமல் இச்சொல்லின் பொருளை அறிய இயலாது. வினாக்கொத்துக்கோ காதும் இல்லை, கண்ணும் இல்லை. ஆகவே பரவாயில்லை என்ற விடையை ஆய்வாளர் நடுவிலே உள்ள 4 ஆம் கட்டத்தில் இட்டுவிட்டுப் போகிறார்.

நம் மக்களிடையே மற்றோர் இயல்பும் உண்டு. கேட்டவரின் மனம் நோகாதபடி விடையிறுத்தலை நாம் பண்பாடாகக் கருதுகிறோம். வெள்ளைச் சட்டை அணிந்து கையிலே காகிதத்தோடு வந்து கேட்பவர் மாணவரா, கந்தோர் உத்தியோகத்தரா என்று தோட்டத்து அம்மையாருக்குத் தெரியாது. நாளையும் அதே இலிகிதரின் முன் நிற்கவேண்டியவர் இன்று குறை கூறத் துணிவாரா? வினாக்கொத்தைச் சேவை வழங்கியவரே நீட்டினால் பெறப்படும் புள்ளி அச்சத்தின் அளவாகுமேயன்றித் திருப்தியின் அளவாகாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. தரத்தைப் பற்றிய வினாக்களையும் திருப்தியைப் பற்றிய வினாக்களையும் ஒரே தாளில் ஒருவரே ஒரே வேளையில் நிரப்புகிறார். அவர் மகிழ்ச்சியாயிருந்தால் எல்லாவற்றுக்கும் கூடிய புள்ளி. சினந்திருந்தால் எல்லாவற்றுக்கும் குறைந்த புள்ளி. ஒன்றைப் பற்றிய எண்ணம் மற்றவற்றின்மேலும் படர்வதை உளநூலறிஞர் தோர்ன்டைக் 1920 இலேயே எடுத்துக்காட்டியுள்ளார். ஆதலால் தரமும் திருப்தியும் சேர்ந்தே உயர்கின்றன என்று புள்ளிவிவரம் காட்டும்போது, ஒன்று மற்றதற்குக் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது.

பின்னர் வெளிப்படும் குறை

சில குறைகள் அன்றே தெரிவதில்லை. பொருளாதார அறிஞர் பொருள்களையும் சேவைகளையும் மூவகையாகப் பிரிப்பர். வாங்கும் முன்னரே பார்த்தறியக் கூடியன ஒருவகை. பயன்படுத்திய பின் அறியக் கூடியன மற்றொருவகை. இப்பாகுபாட்டை 1970 இல் பிலிப் நெல்சன் வகுத்தார். பயன்படுத்திய பின்னும் எளிதில் அறிய முடியாதவற்றை, பிறர்மேல் வைத்த நம்பிக்கையால் ஏற்றுக்கொள்ள வேண்டியவற்றை, மூன்றாவது வகையாக 1973 இல் டார்பியும் கார்ணியும் சேர்த்தனர். வைத்தியம் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. நமக்கு விளங்காத மொழியில் எழுதித் தரப்படும் பத்திரமும் அவ்வகையதே.

மலையகக் குடும்பங்களிலே அடிக்கடி கேட்கப்படும் ஒரு துன்பத்தை நினைத்துப் பாருங்கள். பெண்குழந்தை பிறக்கிறது. முத்துலட்சுமி என்று பெயரிடுகிறார்கள். பதிபவருக்குத் தமிழ்ப் பெயரின் ஒலி பிடிபடவில்லை. தமக்குக் கேட்டபடி எழுதிவிடுகிறார். தந்தை அதனை வாசித்தறியாதவர். முத்திரை பதித்த பத்திரம் கிடைத்ததே என்று மகிழ்வோடு திரும்புகிறார். அன்று யாரேனும் வினாக்கொத்தை நீட்டியிருந்தால் 7 புள்ளியே இட்டிருப்பார். பின்பு அடையாள அட்டையிலே பெயர் வேறொரு விதமாக அமைகிறது. தோட்டத்துச் செக்ரோலிலே மூன்றாவது விதமாக ஏறுகிறது. ஆண்டுகள் உருண்டோடுகின்றன. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறலாம். முத்துலட்சுமி 50 வயதிலே அதனைக் கேட்டுச் செல்லும்போது, மூன்று பத்திரங்களிலே மூன்று பெண்கள் இருக்கிறார்கள். மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கச் சத்தியக் கடதாசி வேண்டும்; அதற்குக் காசு வேண்டும்; பலநாட் பேர் போகவேண்டும்.

ஐந்து கூறுகளுள் நம்பகம் ஏன் முதலிடம் பெற்றது என்பதற்கு இதனைவிடச் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை. முதல் நாளிலே பிழையின்றி எழுதுவதுதான் சேவை. அன்று கிடைத்த திருப்தியோ அரை நூற்றாண்டின் பின் கரைந்துபோயிற்று. திருப்தியை எந்த நாளில் அளக்கிறோம் என்பதும் அளவின் ஒரு பகுதியே ஆகும்.

போக வேறிடம் இல்லாதார்

1970 இல் அல்பர்ட் ஹேர்ஷ்மன் என்னும் அறிஞர், சேவை கெடும்போது மக்களுக்கு இருவழிகள் உண்டு என்று எழுதினார். விலகி வேறிடம் போவது ஒன்று. இருந்தபடியே குரல் எழுப்புவது மற்றொன்று. விசுவாசம் எவ்வழியை எவர் தேர்வார் என்பதைப் பாதிக்கும் என்றும் கூறினார்.

இலங்கையிலே பஸ் சேவைகள் 1958 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தேசியமயமாக்கப்பட்டன. 1979 முதல் தனியார் பஸ்களுக்கும் மீண்டும் இடமளிக்கப்பட்டது. கண்டியிலிருந்து கொழும்புக்குச் செல்பவர் ஒரு பஸ் பிடிக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறலாம். அங்கே விலகிப் போகும் வழி உண்டு. ஆகவே நடத்துநரின் சொல்லிலும் சிறிது பணிவு உண்டு. மலைச்சரிவின் உச்சியிலுள்ள தோட்டத்துக்குக் காலையிலும் மாலையிலும் ஒரே பஸ் ஓடுமாயின் அங்கே நிலைமை வேறு. அந்தப் பஸ் எந்நாளும் நிறைந்தே செல்லும். வருமானத்தையும் பிரயாணிகளின் தொகையையும் பார்ப்பவர், மக்கள் இச்சேவையை மிகவும் விரும்புகின்றனர் என்று எழுதிவிடக்கூடும். போக வேறு வழியில்லாமையை விசுவாசம் என்று பெயரிட்டு அழைப்பது பொருந்துமா?

குரல் எழுப்பும் வழிக்கு மொழி வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்தின்படி, கண்டி உட்பட வடக்குக் கிழக்குக்கு வெளியேயுள்ள இடங்களிலும் ஒருவர் அரச கந்தோருடன் தமிழிலே கருமம் ஆற்றலாம். இதனைக் கண்காணிக்க 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைவசம் உண்டு. சட்டங்கள் இருக்கின்றன. ஆனால், தமிழிலே பேசினால் விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் உரிமை தமக்கு உண்டு என்பதை அறிந்தவரே அதனை எதிர்பார்ப்பார். உரிமையை அறிந்தால் எதிர்பார்ப்பு உயரும். எதிர்பார்ப்பு உயர்ந்தால் திருப்திப் புள்ளி முதலிலே சிறிது தாழவும் கூடும். அந்தத் தாழ்வைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மக்கள் விழித்துக்கொண்டதன் அடையாளம் அது.

மாணவர் செய்யத்தக்கன

ஆயின் அளக்கவே வேண்டாமா என்று கேட்கலாம். அளக்கத்தான் வேண்டும். அளக்கப்படாத குறை எவர் கண்ணிலும் படாது. அளக்கும் முறையிலே சில காவல்கள் வேண்டும், அவ்வளவே.

முதலாவதாக, மனத்தை அளக்குமுன் மணிக்கூட்டால் அளவுங்கள். வரிசையிலே நின்றது எத்தனை மணி நேரம், ஒரு காரியத்துக்கு எத்தனை தடவை வரவேண்டியிருந்தது, பத்திரத்தில் எத்தனை எழுத்துப்பிழை, படிவம் எம்மொழியில் இருந்தது என்பனவற்றைக் குறியுங்கள். இவற்றுக்கு எவருடைய எதிர்பார்ப்பும் தேவையில்லை. அரைநாள் என்பது நகரவாசிக்கும் அரைநாள், தோட்டத்தவருக்கும் அரைநாள்.

இரண்டாவதாக, நிறுவனம் கொடுத்த வாக்கை அளவுகோலாகக் கொள்ளுங்கள். 1991 இல் பிரித்தானியாவிலே பிரதமர் ஜோன் மேஜர், அரச சேவைகள் மக்களுக்குத் தரும் வாக்குறுதிகளை எழுத்திலே வெளியிடவேண்டும் என்னும் பட்டயத்தைக் கொண்டுவந்தார். அம்முறை பின்பு பல நாடுகளிலும் பரவியது. இலங்கை அரச நிறுவனங்களிலும் பிரசைகள் பட்டயம் என்னும் பெயரால் அறிமுகமானது. இன்ன காரியம் இத்தனை நாளில் முடியும் என்று பலகையிலே எழுதியிருந்தால், அதனைப் படித்துவிட்டு அது நிறைவேறியதா என்று பாருங்கள். வாக்குக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தூரம் ஐயத்துக்கு இடமற்ற அளவு.

மூன்றாவதாக, புள்ளி கேட்பதோடு நின்றுவிடாது கதை கேளுங்கள். "கடைசியாக வந்தபோது நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்டு நிகழ்ச்சியை அப்படியே எழுதிக்கொள்ளும் முறையை ஜோன் பிளனகன் என்னும் உளநூலறிஞர் 1954 இல் வகுத்தார். பரவாயில்லை என்று சொன்ன அதே அம்மையார், "காலையிலே எத்தனை மணிக்கு வந்தீர்கள் அம்மா?" என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுவார். வீட்டுமொழியிலே, கந்தோருக்கு வெளியிலே, பொறுமையோடு கேட்க வேண்டும்.

நான்காவதாக, வராதவரைத் தேடிச் செல்லுங்கள். வங்கியின் வாயிலில் நின்று வினாக்கொத்தைப் பகிர்ந்தால், வங்கிக்கு வருவோர் மட்டுமே அகப்படுவர். ஒருமுறை வந்து மனம் நொந்து திரும்பி, பின்பு அந்தப் படியில் ஏறாதவருடைய விடை அக்கணக்கில் சேராது. சேவையின் குறையை நன்கு அறிந்தவர் அவரே.

இந்நான்கையும் கைக்கொண்டால் தரத்துக்கும் திருப்திக்கும் உள்ள தொடர்பு தெளிவாகும். வாக்குத் தவறாமை எங்கே உயர்ந்திருக்கிறதோ அங்கே திருப்தியும் உயர்ந்திருந்தால் அந்தத் திருப்தியை நம்பலாம். வாக்குத் தவறியும் திருப்தி உயர்ந்திருந்தால், அங்கே எவரோ எதிர்பார்ப்பதை நிறுத்திக்கொண்டார் என்று உணரவேண்டும்.

வள்ளுவர் கண்ட நெறி

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். குறிப்பறிதல் என்னும் பெயரிலோ இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். அரசனுடைய அவையாயினும் அன்பருடைய உள்ளமாயினும், வாய் சொல்லாததை முகத்தால் அறியும் திறமை வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும். சேவை செய்யும் தொழிலுக்கும் இது பொருந்தும். கடையிலே, வங்கியிலே, வைத்தியசாலையிலே, கந்தோரிலே நாளை பதவி ஏற்கப்போகும் மாணவர்கள் இதனை மனத்திருத்துதல் நன்று.

உங்கள் மேசையின் முன்னால் ஒருவர் வந்து நின்று, காத்திருந்த களைப்போடு "பரவாயில்லை ஐயா" என்று சொல்லும்போது, அதற்கு எத்தனை புள்ளி என்று எண்ணவேண்டாம். அவரை இருக்கச் சொல்லுங்கள். அவர் பெயரை அவர் வாயாலேயே ஒருமுறை சொல்லக் கேட்டு, எழுத்துப் பிழையின்றி எழுதுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஐம்பது வயதிலே அவருடைய மகள் அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு மேசையின் முன் நிற்கும்போது, நீங்கள் செய்த சேவையின் தரம் அங்கே அளக்கப்படும்.